ஒரு நூல் மேடு



நம் காரிடார் தரையை மாற்றுவதற்கு மூன்று கொட்டேஷன் வந்திருப்பது உங்களுக்குத் தெரியும். மூன்றையும் கமிட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறது. அதில் ஒன்றில் மட்டும் "லெவலிங் கிளிப் மற்றும் வெட்ஜ்" என்று தனியாக ஒரு வரி, அதற்கு ஒரு தொகை. பார்த்தவர்களில் பாதிப் பேர் "இது என்ன புதுச் செலவு?" என்று கேட்டார்கள். மீதிப் பேர் கேட்காமலேயே "அதை அடித்துவிடலாம்" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டுக்கும் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை. நான் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்து, பேங்கில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் தரை விஷயத்தில் ஒரு பாடத்தை நான் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

2012-ல் என் ஃப்ளாட்டில் பழைய தரையை எடுத்துவிட்டு இரண்டடிக்கு இரண்டடி விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டேன். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. ஹாலில் ஓர் இடத்தில் மட்டும் ஒரு டைலின் ஓரம் பக்கத்து டைலைவிடக் கொஞ்சம் தூக்கலாக நின்றது. வேலை எடுத்தவரிடம் காட்டினேன். "ஒரு நூல்தானே சார், நடக்க நடக்கத் தெரியாது" என்றார். கொத்தனார் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். ஒரு நூல் என்றால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். நானும் விட்டுவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, அப்போது 84 வயதான என் அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு டி.வி. பார்க்க வந்தபோது, வாக்கரின் முன்கால் அந்த ஒரு நூலில் தட்டி நின்றது. வாக்கர் நின்றது, அம்மா நிற்கவில்லை. எலும்பு முறியவில்லை, கடவுள் புண்ணியம். ஆனால் அதன் பிறகு அவர் ஹாலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். "என் நாற்காலியை ரூமிலேயே போட்டுடு" என்றார். கடைசி வரை அந்த ரூம்தான்.

அதிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. மன்னார்குடியில் நாங்கள் வளர்ந்த வீட்டுத் தரையில் இப்படி ஒரு மேடு நான் பார்த்ததே இல்லை. எந்த இயந்திரமும் இல்லாத காலத்தில் சமமாக இருந்த தரை, இவ்வளவு வசதி வந்த பிறகு ஏன் சமமாக இல்லை? பதிலைத் தேடினால் அது நம் வீட்டுத் தரைகளின் சரித்திரமாகவே விரிகிறது.

மன்னார்குடி வீட்டில் இருந்தது சிவப்புத் தரை. ரெட் ஆக்சைடு என்று இப்போது சொல்கிறோம். அதற்கும் முந்தைய தலைமுறையில் சுண்ணாம்புக் காரைத் தரை. சிமென்ட் நம் ஊருக்குப் புதிதாக வந்த சரக்கு. 1904-ல் சென்னையில் ஒரு சிமென்ட் தொழிற்சாலை தொடங்கிப் பார்த்தார்கள், அது நிலைக்கவில்லை. 1914-ல் போர்பந்தரில் தொடங்கியதுதான் கால் ஊன்றியது. சிமென்ட் பரவிய பிறகு, கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே சிமென்ட் கலவை, அதற்கும் மேலே சிவப்புப் பொடி கலந்த சிமென்ட் என்று தரை போட்டார்கள். ஈரம் காயுமுன் கரண்டியால் இழைத்து, ஒரு வாரம் தண்ணீர் கட்டி, பிறகு தேங்காய் எண்ணெய் தேய்த்து மெருகேற்றுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தத் தரை முழுவதும் ஒரே துண்டு. இரண்டு துண்டு இருந்தால்தானே ஒன்றின் ஓரம் இன்னொன்றுக்கு மேலே நிற்க முடியும்? அதில் மேடு பள்ளம் இருந்தாலும் அலை மாதிரி மெல்ல ஏறி மெல்ல இறங்கும். கால் தட்டாது.

அந்த அலைகூட அதிகம் வராமல் பார்த்துக்கொள்ளக் கொத்தனாரிடம் கருவிகள் இருந்தன. தூக்குக்குண்டு மிகப் பழையது. பழங்கால எகிப்தில் ஒரு முக்கோணச் சட்டத்தில் குண்டைத் தொங்கவிட்டு மட்டம் பார்த்திருக்கிறார்கள். குமிழி ஓடும் ரசமட்டம் பிரான்சைச் சேர்ந்த மெல்கிசெடெக் தெவெனோ 1661 வாக்கில் உருவாக்கியது. நம் ஆட்கள் இன்றும் நம்புவது தண்ணீர் நிரப்பிய டியூபை. இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும், அது பொய் சொல்லாது. டியூபை வைத்துச் சுவரில் குறி போட்டு, நூல் கட்டி, அங்கங்கே கலவையால் பொட்டு வைத்து, மட்டப்பலகையால் இழுத்துவிடுவார்கள். இவ்வளவுதான் வித்தை.

அடுத்தது ஆத்தங்குடி. எண்பதுகளில் தேவகோட்டைக் கிளையில் மூன்று வருடம் வேலை பார்த்தபோது, ஞாயிற்றுக்கிழமையில் அந்தப் பட்டறைகளைப் போய்ப் பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தின் மின்டன், பிரான்சின் சிமென்ட் டைல் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கிளம்பிய பூப்போட்ட தரை மோகம், வணிகத்துக்காகக் கடல் கடந்து போன செட்டிநாட்டாரின் வீடுகளுக்கும் வந்தது. ஆத்தங்குடியில் அதை உள்ளூர் மணலில் கையாலேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை வைத்து, வண்ண சிமென்டை ஊற்றி, முதுகில் கலவை போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். கண்ணாடியைப் பிரித்தால் அதன் வழவழப்பு டைலில் இறங்கியிருக்கும். இதே காலத்தில் மும்பையில் 1922-ல் தொடங்கிய பாரத் டைல்ஸ், வெளிநாட்டு டைலுக்குப் பதில் சுதேசி டைல் என்று சிமென்ட் டைல் செய்தது.

இங்கேதான் முதல் சிக்கல். தரை துண்டு துண்டாகிவிட்டது. ஆனால் ஆத்தங்குடிக் கல் சின்னது, முக்கால் அடி அளவுதான். அடியில் போடும் கலவையோ ஓர் அங்குலத்துக்கு மேல். ஒரு கல் தூக்கலாக இருந்தால் கட்டையால் நாலு தட்டு, உள்ளே இறங்கிவிடும். பள்ளமாக இருந்தால் எடுத்து, கொஞ்சம் கலவை போட்டு மறுபடி வைப்பார்கள். தடித்த கலவை கொத்தனாருக்கு அவகாசம் கொடுத்தது.

அதற்குப் பிறகு மொசைக். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மொசைக் தரை என்றதும் ஒரு சத்தம் காதில் கேட்கும். பாலிஷ் மெஷின் சத்தம். மார்பிள் சில்லுகளைச் சிமென்டில் பதிக்கும் இந்த வேலை வெனிஸில் மார்பிள் தொழிலாளர்கள் கழிவுச் சில்லுகளைக்கொண்டு ஆரம்பித்தது. நம் ஊரில் அறுபதுகளிலிருந்து புது வீடு என்றாலே மொசைக் என்றாகிவிட்டது. கல்லைப் பதித்த பிறகு பத்து நாள் வீட்டில் யாரும் பேச முடியாது. மெஷின் ஓடும், வெள்ளைக் குழம்பு வாசல் வரை வழியும்.

அந்த மெஷினின் அடியில் சுழன்றது கார்போரண்டம் கல். அமெரிக்காவில் எட்வர்ட் அச்சேசன் 1891-ல் கண்டுபிடித்த பொருள். நம் சென்னையில் முருகப்பா குழுமத்தார் 1954-ல் கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியைத் தொடங்கி, திருவொற்றியூரில் தேய்ப்புக் கற்களைத் தயாரித்தார்கள்.

மொசைக்கின் ரகசியம் இந்தக் கல்தான். கொத்தனார் பதிக்கும்போது ஒரு நூல், அரை நூல் ஏறி இறங்கினாலும் கவலை இல்லை. பிறகு மெஷின் வந்து எல்லா ஓரத்தையும் ஒன்றாகத் தேய்த்துவிடும். எங்கள் பேங்கு பாஷையில் சொன்னால், அன்றைக்கு டேலி ஆகாத தொகையைச் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவைத்துப் பிறகு நேர் செய்வது மாதிரி. தவறு நடக்கும், ஆனால் திருத்த ஒரு நாள் பின்னால் இருக்கிறது.

ஆக, பழைய தரைகள் ஏன் சமமாக இருந்தன என்பதற்கு மூன்று காரணம் கிடைத்துவிட்டது. சிவப்புத் தரை ஒரே துண்டு. ஆத்தங்குடி சின்னக் கல், தடித்த கலவை. மொசைக்குக்குப் பின்னால் தேய்ப்பு மெஷின். அந்தக் காலத்துக் கொத்தனார் திறமைசாலிதான், சந்தேகமில்லை. ஆனால் அவர் செய்த வேலையில் தவறைத் திருத்த வழி இருந்தது. இப்போதைய டைல் அந்த மூன்று வழியையும் அடைத்துவிட்டது.

எப்படி என்று பாருங்கள். ஜான்சன் கம்பெனி 1958-ல் இந்தியாவில் தொடங்கிய காலத்தில் டைல் என்றால் பாத்ரூம் சுவருக்கு ஒட்டும் சின்ன வெள்ளைச் சதுரம். பிறகு அது சுவரிலிருந்து தரைக்கு இறங்கியது. தொண்ணூறுகளில் ஓரடிக்கு ஓரடி. நம் காரிடாரில் இப்போது உடைந்து கிடப்பது அந்தக் காலத்து டைல்தான். அதற்குப் பிறகு இரண்டடிக்கு இரண்டடி, இன்றைக்கு நாலடிக்கு இரண்டடி. இவற்றில் பெரும்பகுதி குஜராத்தில் மோர்பி என்ற ஊரிலிருந்து வருகிறது. 1979-ல் மச்சு அணை உடைந்து வெள்ளத்தில் மூழ்கிய அதே மோர்பிதான். இன்று உலகின் பெரிய டைல் ஊர்களில் ஒன்று.

விட்ரிஃபைட் டைல் என்பது களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் எல்லாவற்றையும் பொடித்து, பெரும் அழுத்தத்தில் பலகையாக்கி, 1,200 டிகிரி அளவுக்குச் சுட்டெடுப்பது. அதன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது. மேலே வழவழப்பும் டிசைனும் தொழிற்சாலையிலேயே முடிந்துவிடும். அந்த மேற்பரப்பு மிக மெல்லியது. வீட்டில் வைத்து மெஷினால் தேய்த்தால் டிசைன் போய்விடும். முதல் வழி அடைபட்டது.

இரண்டாவது, அளவு. பெரிய அப்பளம் பொரிக்கும்போது வளைவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படியே சூளையில் வெந்து ஆறும்போது நீளமான டைல் லேசாக வில் மாதிரி வளையும். கண்ணுக்குத் தெரியாது. இரண்டு டைலை முகத்தோடு முகம் வைத்து நடுவில் அழுத்திப் பார்த்தால் ஆட்டம் தெரியும். செங்கல் வரிசை மாதிரி ஒரு டைலின் நடுவும் அடுத்த டைலின் முனையும் சேரும்படி பதித்தால், ஒன்றின் மிக உயரமான இடமும் இன்னொன்றின் மிகத் தாழ்ந்த இடமும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். அதனால்தான் அமெரிக்க டைல் தரவிதி, 15 அங்குலத்துக்கு மேற்பட்ட டைலில் இந்த நகர்த்தல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது.

மூன்றாவது, கலவை. 1950-களில் அமெரிக்காவில் மெல்லிய பசைக் கலவை வந்தது. லாட்டிகிரீட் கம்பெனி 1956-ல் தொடங்கியது இதை நம்பித்தான். தண்ணீர் உறிஞ்சாத டைல் சாதா சிமென்ட் கலவையில் சரியாகப் பிடிக்காது, அதற்கு இந்தப் பசை வேண்டும். ஆனால் பசையின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். தட்டி இறக்குவதற்கு அங்கே ஆழம் இல்லை. போதாததற்கு, காய்ந்து இறுகும் அந்த இரவில் டைல் தானாகக் கொஞ்சம் அமிழவும் செய்யும். மாலை ஐந்து மணிக்குச் சமமாக இருந்த தரை காலை ஒன்பது மணிக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

எனவே இனிமேல் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது கிடையாது. நாங்கள் கம்ப்யூட்டர் வருமுன் லெட்ஜர் எழுதிய காலத்தில் பத்துப் பைசா உதைத்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. அன்றைய கணக்கு அன்றே நேராக வேண்டும். தரைக்கும் அந்த நிலைமை வந்துவிட்டது. அதற்குப் பிறந்த கருவிதான் கிளிப்பும் வெட்ஜும்.

வெட்ஜ் என்றால் நம் ஆப்புதான். ஆப்பு என்றதும் நமக்கு நல்ல எண்ணம் வராது. ஆனால் அது மனிதனின் மிகப் பழைய கருவி. மாமல்லபுரத்தில் பாறைகளில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருப்பதை அடுத்த முறை போகும்போது பாருங்கள். அந்தக் குழிகளில் ஆப்பு அடித்துத்தான் பாறையைப் பிளந்தார்கள். சாய்வான ஒரு துண்டைப் பக்கவாட்டில் தள்ளினால் அது மேலும் கீழும் பெரிய விசையாக மாறுகிறது. அங்கே பிரிப்பதற்கு, இங்கே சேர்ப்பதற்கு.

கிளிப் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு. அடியில் தட்டையான பாதம், அதிலிருந்து மேலே எழும் மெல்லிய பட்டை, பட்டையில் ஒரு ஜன்னல். பசை ஈரமாக இருக்கும்போதே பாதத்தை டைலின் ஓரத்துக்கு அடியில் செருகுவார்கள். அடுத்த டைலைப் பதித்ததும் பாதம் இரண்டுக்கும் அடியில் இருக்கும், பட்டை இரண்டுக்கும் இடையில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஜன்னலுக்குள் ஆப்பைச் செருகி, அதற்கென்று உள்ள குறடால் இறுக்கினால், ஆப்பு மேலிருந்து அழுத்தும், பாதம் கீழிருந்து தூக்கும். தாழ்ந்த ஓரம் எழும், தூக்கலான ஓரம் அமுங்கும். இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்து, பசை இறுகும் வரை அங்கேயே பிடிபட்டிருக்கும். மறுநாள் ரப்பர் சுத்தியலால் இணைப்பு ஓடும் திசையிலேயே ஒரு தட்டு. பட்டை தரைக்குக் கீழே ஒடிந்துவிடும். பாதம் என்றென்றும் அடியில் கிடக்கும். ஆப்பைப் பொறுக்கி எடுத்து அடுத்த அறைக்குக் கொண்டுபோகலாம்.

இந்த வகைக் கருவிகள் கடந்த இருபது வருட அளவில்தான் உலகெங்கும் பரவின. டைல் தொழிலுக்குப் பேர்போன இத்தாலியின் சஸ்ஸுவோலோ பக்கத்தில் மோடெனாவிலுள்ள ரைமொண்டி, ஸ்பெயினின் ரூபி போன்ற கம்பெனிகள் இவற்றைச் செய்கின்றன. இப்போது நம் ஊர் ஹார்டுவேர் கடையிலேயே பொட்டலமாகக் கிடைக்கிறது.

இதைப் பெரிய மந்திரம் என்று சொல்ல வரவில்லை. கிளிப் இரண்டு ஓரங்களைச் சேர்க்குமே தவிர, கோணலான தளத்தை நேராக்காது. அதே அமெரிக்க விதி பெரிய டைலுக்குக் கேட்பது, பத்தடி நீளத்தில் அடித்தளம் ஒரு நூலுக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது என்பது. அதை முதலில் சரிசெய்ய வேண்டும். பசையும் முழுக்கப் பரவியிருக்க வேண்டும். நாலு மூலைக்கு நாலு உருண்டை, நடுவில் ஒன்று என்று வைத்துவிட்டுக் கிளிப்பால் இழுத்தால் மேலே சமமாகத் தெரியும், அடியில் காலியாக இருக்கும். தட்டிப் பார்த்தால் டொக்கென்று கேட்கும், பாரம் விழுந்தால் விரியும். பல் கரண்டியால் தளத்திலும் வரி இழுத்து, டைலின் முதுகிலும் பூசச் சொல்ல வேண்டும்.

இனி என் வழக்கமான கணக்கு. நம் காரிடார் ஒரு மாடிக்கு ஆறடி அகலம், ஐம்பதடி நீளம். இரண்டடி டைல் என்றால் மூன்று வரிசை, வரிசைக்கு 25, மொத்தம் 75. சுவரோரம் கிளிப் வேண்டாம். டைலும் டைலும் சேரும் இடங்கள் நீளவாக்கில் 50, குறுக்கில் 72, ஆக 122. இடத்துக்கு இரண்டு கிளிப் வீதம் 244. ஐந்து மாடிக்கு ஒரு பிளாக்கில் 1,220. ஒரு கிளிப்பின் விலை சில ரூபாய். இதை நோட்டீஸ் போர்டில் உள்ள டைல் விலையோடும் கூலியோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். நாம் அடிக்க நினைத்த வரி எவ்வளவு சின்னது என்று தெரியும். நம் ஏ பிளாக்கில் மட்டும் வாக்கர் பிடித்து நடப்பவர்கள் நாலு பேர். அவர்கள் தினமும் அந்த 122 இணைப்புகளின் மேல்தான் லிஃப்டுக்கு வருகிறார்கள்.

வேலை முடிந்ததும் பில்லுக்குக் கையெழுத்துப் போடுமுன் எப்படிச் சரிபார்ப்பது? மெல்லிய இணைப்புள்ள தரையில் இரண்டு டைல்களுக்கு இடையே அந்த விதி அனுமதிக்கும் உயர வித்தியாசம், டைலின் சொந்த வளைவு நீங்கலாக, அங்குலத்தில் 32-ல் ஒரு பங்கு. நம் கணக்கில் கால் நூல். இதை அளக்கக் கருவி தேட வேண்டாம். உங்கள் பர்ஸில் இருக்கிறது. ஏ.டி.எம். கார்டின் தடிமன் உலகெங்கும் 0.76 மில்லிமீட்டர், ஏறக்குறைய அதே கால் நூல். தாழ்ந்த டைலின் மேல் கார்டைப் படுக்கவைத்து ஓரத்தை ஒட்டித் தள்ளுங்கள். பக்கத்து டைல் கார்டைவிட உயரமாக நின்று விரலில் தட்டினால், கையெழுத்துப் போடாதீர்கள்.

முப்பத்தைந்து வருடம் பேங்கில் இருந்தும், என் வீட்டுத் தரைக்கு அந்தக் கார்டை வைத்துப் பார்க்க எனக்கு அன்று தோன்றவில்லை. பொதுக்குழு அன்று மூன்று கொட்டேஷனையும் வைத்துப் பேசும்போது, அந்த ஒரு வரியை மட்டும் அடிக்காமல் விடும்படி கேட்டுக்கொள்கிறேன். கிளிப் இல்லாத இரண்டு கொட்டேஷன்காரர்களிடமும் அதைச் சேர்த்து மறுபடி விலை கேட்டால், ஒப்பிடுவதும் நியாயமாக இருக்கும். மற்றதை நேரில் பேசுவோம். வரும்போது கார்டைக் கொண்டுவாருங்கள். என் ஹாலில் அந்த டைல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஒரு நூல் என்றால் எவ்வளவு என்று வந்து பார்க்கலாம்.